வெள்ளத்துக்கு மாமா அடித்த பம்பை

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு சினிமாவின் பின்னணி இசையில் வாசித்துவிட்டு வந்தார் என்பதை எங்கள் ஊரில் அத்தையும் நானும் மட்டுமே முழுதாக நம்பினோம். அத்தை அவருடைய மனைவி. நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண். எங்கள் இரண்டு பேருடைய சாட்சியையும் ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா பம்பைக்காரர். பொம்மிடியைச் சுற்றி எந்த அம்மன் கோயிலில் திருவிழா என்றாலும் அந்த இரட்டை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பார். அவர் கை வேகமெடுத்தால் கூட்டத்தில் நாலைந்து பேருக்காவது சாமி வந்துவிடும். யாருக்கும் வராத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அப்படியொரு திருவிழாவில் யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள்.

எங்கோ ஓர் ஊரில் ஏரிக்கரை உடைந்து, வீடு வாசல் எல்லாம் வெள்ளத்தில் போன உண்மைச் சம்பவம் அந்தப் படம். மாமா போய்விட்டு வந்து சொன்னார்: ஏசி அறையாம். காதில் ஹெட்போனை மாட்டி ஒரு திரைக்கு எதிரே நிற்க வைத்தார்களாம். திரையில் சத்தமே இல்லாமல் தண்ணீர் வந்ததாம். "அண்ணே, இந்தத் தண்ணி வர்றத அடிங்க" என்றாராம் இசையமைப்பாளர். சின்ன வயசுப் பையன்.

மாமா உடனே அடிக்கவில்லை. "இதுல போறவங்க நெசமாலுமே போனவங்களா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, ஒரு சூடம் ஏற்றிக்கொள்ளட்டுமா என்றிருக்கிறார். புகை பட்டால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிவிடும் என்று அவர்கள் பதறித் தடுத்தார்களாம். வெறும் கையால் திரையைக் கும்பிட்டுவிட்டு அடித்ததாகச் சொன்னார்.

இதையெல்லாம் பால் சொசைட்டி வாசலில் வைத்துத்தான் சொன்னார். பால் ஊற்ற வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சொசைட்டி செயலாளர் மட்டும், "படம் வரட்டும், பேரு போடுவாங்கல்ல, படிச்சுக்கலாம்" என்றார்.

படம் வந்தது. மினி வேன் பேசி ஊரில் பாதிப் பேர் தருமபுரிக்கு மதியக் காட்சிக்குக் கிளம்பினோம். செயலாளரும் வந்தார். அத்தை கல்யாணப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். அத்தை அதிர்ந்து பேசாதவர். மாமாவை "ஏங்க" என்பதைத் தாண்டி வேறொன்றும் சொல்லி நான் கேட்டதில்லை.

படம் தொடங்கியதுமே பெயர்கள் ஓட ஆரம்பித்தன. வேகமாக ஓடியதால் நானும் மற்ற பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தோம். வயலின் வாசித்தவர்கள், புல்லாங்குழல் வாசித்தவர், சாப்பாடு போட்டவர்கள், வண்டி ஓட்டியவர்கள், எல்லாரும் வந்தார்கள். மாமா வரவில்லை.

செயலாளர் பின்வரிசையிலிருந்து குனிந்து, "என்னப்பா, பேரக் காணோமே?" என்றார்.

"எல்லாரு பேரையும் போட எடம் பத்துமாண்ணா" என்றார் மாமா. பின்னால் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக எங்கள் ஊர்க்காரர்களிடம் பரவியது. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஏசியில் யாருக்கும் வியர்க்காது என்று எனக்குத் தெரியும். அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இடைவேளை முடிந்து வெள்ளம் வந்தது. முதலில் வயலின்கள் மெல்ல அழுதன. பிறகு அவை நின்றுபோய், கரை விரிசல் விடும் இடத்தில், பம்பை மட்டும் எழுந்தது. இருட்டில் நாலு பக்கமும் அடித்தது. எங்கள் கோயில் வாசலில் கேட்கிற அதே அடி. நாற்காலி அதிர்ந்தது, என் வயிறும் அதிர்ந்தது.

அத்தை எழுந்து நின்றார். தலைமுடி அவிழ்ந்தது. "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், திரையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரே நின்றுவிட்டது. ஆபரேட்டர் பயந்து படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்.

"சாமி வந்திருச்சு" என்று முன்வரிசையில் யாரோ கும்பிட்டார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் கவுன்டரில் இருந்த சாமி படத்துக்கு வைத்திருந்த சூடத்தோடு ஓடி வந்தார். அத்தை அதை வாங்கச் சொல்லிச் செயலாளரை நோக்கி விரலை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "என்ன கொற தாயே?" என்றார்.

"அடிச்சவன் எங்கடா? என்னக் கூப்புட்டவன் இங்கதான் உக்காந்திருக்கான். எழுந்திருக்கச் சொல்லுடா அவன!"

தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமா எழுந்தார். சாமியை மலையேற்ற வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் அடி இருக்கிறது. அடிக்கப் பம்பை இல்லை. யாரோ ஒரு காலித் தண்ணீர் கேனை உருட்டிவிட்டார்கள். மாமா செருப்பைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து, கேனைக் கவிழ்த்து மடியில் வைத்து வெறுங்கையால் தட்ட ஆரம்பித்தார்.

தட்ட ஆரம்பித்ததுமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சற்றுமுன் சுவரெல்லாம் அதிரக் கேட்டது இந்தக் கைதான். பிளாஸ்டிக்கில் தட்டினாலும் அது வேறு யாருடைய கையும் இல்லை. வேகமாக ஆரம்பித்து மெல்ல மெல்லத் தணித்துக்கொண்டு வந்தார். அத்தையின் ஆட்டமும் தணிந்து, கடைசியில் அவர் பக்கத்திலிருந்த என் அம்மாவின் தோளில் சாய்ந்தார்.

யாரோ கைதட்டினார்கள். பிறகு மொத்தத் தியேட்டரும். வெள்ளத்தை முதலிலிருந்து போடச் சொல்லிக் கத்தினார்கள், ஆபரேட்டரும் போட்டார். இரண்டாம் முறை பாப்கார்ன் பொட்டலம்கூடச் சரசரக்கவில்லை. கையில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது பம்பை சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில் செயலாளர் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. மாமா திரையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கைகூப்பியபடி இருந்தார்.

திரும்பும்போது வேனில் மாமாவுக்கு முன்சீட்டு கிடைத்தது. செயலாளரே எழுந்து கொடுத்தார். பின்னால் அத்தை அம்மாவின் மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அத்தை கண்ணைத் திறக்காமலே அம்மாவின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். சாமி வந்து போனவரிடம் இப்படியா நடந்துகொள்வது, அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று ஊர் வந்து சேரும்வரை எனக்கு ஒரே பயம்.

அடுத்த மாரியம்மன் பண்டிகையில் நான் அத்தையின் பக்கத்திலேயே இடம் பிடித்து நின்றேன். மாமா உயிரைக் கொடுத்து அடித்தார். சுற்றிலும் பெண்கள் தலையை விரித்து ஆடினார்கள். நான் அத்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மாமா நிறுத்தியதும் அத்தை போய் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே.

ரொம்ப நாள் யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: எங்கள் அம்மனுக்குக் கோயிலில் புழுக்கமாக இருக்கிறது, ஏசி தியேட்டர்தான் பிடிக்கிறது.