தம்பியின் குரல்மேல் பதிந்த பாட்டு

பதினான்கு வயதில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த இக்காஸ்ட் என்ற ஐரோப்பியச் சிறுநகரில், ஐந்து அயர்லாந்து இளைஞர்களின் பாட்டுக்குழுமீது பைத்தியமாக இருந்தேன். அவர்களின் முதல் வெற்றிப் பாடல் வானொலியில் வந்தபோது கையில் வெற்றுக் கசெற் இல்லை. வன்னியில் பெரியம்மாவுடன் இருந்த தம்பி, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற்றில், அவன் குரல் அழியும்படி அந்தப் பாட்டைப் பதிந்துவிட்டேன். வேறொன்று தேடியிருக்கலாம்.

குழு உலகப்புகழ் பெற்றது. ஒருவர் விலக, நால்வர் தொடர்ந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, யுத்தம் முடிந்த மே மாதம், தம்பி இறந்த செய்தி வந்தது.

"பிள்ளை, அவன்ரை கசெற்றை ஒருக்காப் போடு," என்றார் அம்மா.

என் கைக்குழந்தையை அணைத்தபடி உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை.

"பரவாயில்லை, போடு. பாட்டுக்குக் கீழை அவன் கதைச்சுக்கொண்டுதானே இருப்பான்."

ஐவரும் பாடினார்கள். அம்மா ஒலிபெருக்கியில் காதை வைத்திருந்தார்.

இன்றும் கடைகளில் அந்தப் பாட்டு ஒலித்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். பாட்டுக்குக் கீழே எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை.