எரிமலையை வலம் போனவர்

1. ஒரு தலை குறைவு

தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது. சுவரோரம் குந்தியிருந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எண்ணினேன். அப்போதும் ஒன்று குறைந்தது.

நாங்கள் இருந்தது ஜப்பானில், க்யூஷு தீவில், ஓர் எரிமலையின் உச்சியில். அணைந்துபோன மலை இல்லை. பெரிய பள்ளம் ஒன்று வாயைத் திறந்து கிடக்கும். அதற்குள்ளிருந்து வெள்ளைப் புகை ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அதன் ஓரத்தில் தடித்த சிமென்ட் அறை ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். விஷவாயு ஜாஸ்தியானால் சைரன் ஊதும். எல்லோரும் அந்த அறைக்குள் ஓடிவிட வேண்டும். அன்றைக்கு ஊதியது. ஓடி வந்தோம். காவலர் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளேயும் கந்தக நெடி. தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெரு போல இருந்தது, ஆனால் இது தொண்டையைப் பிடித்து இறுக்கியது.

"யாரு இல்ல? பக்கத்துல பாத்து சொல்லுங்க!" என்று கத்தினேன்.

கீழ்பென்னாத்தூர் வசந்தா அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி முன்னால் வந்தார். "எங்க வூட்டுக்காரரு இல்லீங்க மேடம்."

இந்தத் தொழிலில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவரைப் பார்த்திருக்கிறேன், ஏர்போர்ட்டில் தூங்கிப்போய் ஃப்ளைட்டை விட்டவரைப் பார்த்திருக்கிறேன். விஷப்புகைக்குள் ஒரு ஆளைத் தொலைத்ததில்லை.

2. பஸ்ஸில் கேட்டது

நான் திருவண்ணாமலையில் ஒரு சின்ன டிராவல்ஸில் டூர் மேனேஜர். பௌர்ணமிக்கு வேன் பிடித்துக் கொடுப்பதில் ஆரம்பித்தது என் வேலை. பிறகு காசி, பிறகு சிங்கப்பூர், கடைசியில் ஜப்பான். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் வெளிநாட்டு டூர் என்றதும் செல்ஃபியைத்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தொழிலில் பயணிகளை 'பேக்ஸ்' என்போம். பேக்ஸை எண்ணுவதுதான் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

அன்று காலை பஸ் மலையேறும்போது எங்கள் லோக்கல் கைடு யூகோ என்ற பெண் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"ஆஸ்துமா, ஹார்ட் பிராப்ளம் இருக்கறவங்க மேல வரக் கூடாதுங்க. அந்தப் புகை ஆளையே சாச்சிடும். பஸ்லயே உக்காந்துக்கலாம். யாருக்காவது வீசிங் இருக்குதா?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முன்சீட்டில் இருந்த தனபால் ஐயா மட்டும் சிரித்தார். வசந்தா அம்மாவின் கணவர். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர். பௌர்ணமி தவறாமல் அண்ணாமலையைச் சுற்றுகிற ஆள்.

"எங்களுக்கு இன்னாம்மா, மலை புதுசா? நெருப்பே மலையா நிக்கிற ஊர்லேர்ந்து வந்திருக்கோம். இதுவும் அவன்தான்" என்றார்.

பஸ்ஸே "அரோகரா" என்றது. என்ன சொன்னார் என்று யூகோ கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மேலே போனதும் பள்ளத்தின் ஓரமாக இரண்டு பக்கமும் பாதை பிரிந்தது. இரண்டுமே பள்ளத்தைச் சுற்றி அந்தக் கோடியில் ஒரே வேலியின் இரண்டு பக்கத்தில் போய் முடிந்துவிடும் என்றும், அதற்கு அப்பால் யாருக்கும் வழியில்லை என்றும் யூகோ சொன்னாள். இடப்பக்கப் பாதையில் கயிறு கட்டி போர்டு மாட்டியிருந்தார்கள். காற்று புகையை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதனால் எங்களை வலப்பக்கம் அழைத்துப் போனாள்.

தனபால் ஐயா தயங்கி நின்றார். "மேடம், இப்படிப் போனா மலை எடது கைப் பக்கமில்ல வருது? எடமா சுத்தக் கூடாதும்மா."

"ஐயா, இது கோயில் இல்ல. டூரிஸ்ட் ஸ்பாட். நடங்க ஐயா, பின்னாடி ஆளு வருது" என்றேன்.

அவர் ஒதுங்கி நின்று மற்றவர்களை முன்னால் விட்டார். நாங்கள் வேலி வரைக்கும் போய் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சைரன் ஊதியது.

3. கயிற்றோரம்

அறைக்குள் காவலர் வாக்கி டாக்கியில் கேட்டுக் கேட்டுச் சொன்னார். டாய்லெட்டில் இல்லை. கடையில் இல்லை. பஸ்ஸிலும் இல்லை. வசந்தா அம்மா என் கையைப் பிடித்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அவருக்கு வீசிங் இருக்குதுங்க. சொன்னா மேல வுட மாட்டீங்கன்னு சொல்லக் கூடாதுன்னுட்டாரு. இன்ஹேலர் என் பையிலதான் கீது."

பையைத் திறந்து காட்டினார். நீல நிற இன்ஹேலர். அது இங்கே இருக்கிறது, அந்த ஆள் வெளியே இருக்கிறார். அந்த அம்மா கதவை நோக்கி ஓடினார். இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க மேடம்! நான் குடுத்துட்டு வந்துடறேன்!"

"எங்கன்னு போவீங்க? ரெண்டு பேரையும் நான் எங்கம்மா தேடறது?"

அப்போதுதான் எனக்கு அவர் கேட்ட 'எடது கை' ஞாபகம் வந்தது. கதவிலிருந்த தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புகை கலைந்த ஒரு நொடியில் தெரிந்தது. இடப்பக்கப் பாதையில், கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ. சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்து, கோயில் வாசலில் விடுவது போல ஒழுங்காக விட்டிருந்தார்.

"அந்தப் பக்கம்! கயித்தைத் தாண்டிப் போயிருக்காரு!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன் என்பது பிறகுதான் புரிந்தது. யூகோவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவள் நம்பவில்லை. இந்தக் கூர்க்கல்லில் யாராவது ஷூவைக் கழற்றுவார்களா என்று கேட்டாள். எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிறவர்கள் செருப்போடு சுற்ற மாட்டார்கள், மலை வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரிதான் போவார்கள் என்றேன். அவள் காவலரிடம் ஓடினாள்.

இரண்டு காவலர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு, இன்னொரு முகமூடியும் ஸ்ட்ரெச்சருமாகப் போனார்கள். கதவு திறந்து மூடுவதற்குள் உள்ளே இருந்த எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது.

அப்புறம் காத்திருந்தோம். காலுக்குக் கீழே தரை ஒருமுறை உறுமியது. காஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டினால் வருமே, அந்தச் சத்தம். பஸ்ஸில் அரோகரா சொன்னவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயம். மேனேஜர் என்பதால் முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான். அவர் மகளுக்கு எப்படி போன் செய்வது, முதல் வார்த்தை என்ன சொல்வது என்று மனசு ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது. சே, வாயைக் கழுவு என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஊரில் என் வீட்டு மாடியில் நின்றால் அண்ணாமலைதான் முதலில் தெரியும். இந்த ஆள் இல்லாமல் திரும்பிப் போய் அந்த மலையை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

கொண்டுவந்தார்கள். பாதை முடிகிற வேலியைப் பிடித்தபடி மண்டி போட்டுக் கிடந்தாராம். உதடு நீலம் பாரித்திருந்தது. பாதமெல்லாம் ரத்தம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஏறியது. அந்த அம்மா அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்து அழுதார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மாஸ்க்கை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"வேலி போட்டு வச்சிட்டானுங்கம்மா. பாதியில நின்னு போச்சு."

பெரியவர் என்றும் பார்க்காமல் திட்டினேன். "உசுரு போயிருக்கும் ஐயா! உங்க பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பாதியாம், மீதியாம்!" நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள். வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். பயப்படுகிற பேக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர் தானாகவே உங்கள் முதுகை ஒட்டிக்கொண்டு வருவார். கையெடுத்துக் கும்பிடுகிறவர்தான் கயிற்றைத் தாண்டுவார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. மீதி

இரண்டு மாதம் கழித்து தனபால் ஐயா ஆபீஸுக்கு வந்தார். கூடவே வசந்தா அம்மா. ஐயா தன் பாஸ்போர்ட்டை என் டேபிளில் வைத்தார்.

"அடுத்த ஜப்பான் டூர்ல என் பேரைப் போடும்மா. கொறையா வுடக் கூடாது."

"முடியாது ஐயா."

"அப்ப வேற ஆபீஸ்ல போட்டுக்கறேன்."

வேறு ஆபீஸ்காரனுக்கு இவரைப் பற்றி என்ன தெரியும்? வீசிங் இருக்கிறதா என்று கேட்பான், இவர் இல்லை என்பார், ஏற்றிவிடுவான். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் வசந்தா அம்மாவைப் பார்த்தேன்.

"மீதி எதுவும் இல்ல" என்றார் அந்த அம்மா.

"உனக்கு இன்னா தெரியும்? நீ எடமா போன ஆளு" என்றார் ஐயா.

"போகச் சொல்லோ எடமாதான் போனேன். சங்கு ஊதனதும் அந்த வேலிலேர்ந்து திரும்பி ஓடியாந்தேனே, அப்ப மலை எனக்கு எந்தக் கைப் பக்கம் இருந்துச்சு?"

ஐயா விரலால் டேபிளில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். நான் மனசுக்குள் அந்தப் பாதையில் ஓடிப் பார்த்தேன். வலது கைப் பக்கம்தான்.

"உங்களக் காணோம்னு உசுரக் கையில புடிச்சிக்கினு ஓடியாந்தேன். அதுல செருப்பு எங்க கழண்டுச்சின்னே தெரியல. வெறுங்காலோடதான் வந்து சேந்தேன். வேலி வரைக்கும் நீங்க, வேலிலேர்ந்து நான். சுத்தி முடிச்சாச்சு. இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?"

ஐயா பாஸ்போர்ட்டை எடுத்து அந்த அம்மா பக்கம் நீட்டினார். வசந்தா அம்மா அதை வாங்கி, இன்ஹேலர் இருந்த பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.