கலயம் கவிழ்த்த மாடி

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். தக்கலையில் இரண்டு கடைகள், ஓர் அரவை மில், ஊரே வந்து உண்ணும் கல்யாண மண்டபம், இவ்வளவையும் ஒற்றை ஆளாகக் கட்டி நிமிர்த்தினேன். மண்டபம் கட்டியபோது மாடித் தளத்தின்மேல் நிரப்பச் சரளை கிடைக்கவில்லை. பனையேறிகள் கழித்துப்போட்ட பதநீர்க் கலயங்களை வண்டி வண்டியாக அள்ளிவந்து, நெருக்கமாகக் கவிழ்த்து, மேலே சாந்து பூசச் சொன்னேன்.

“ஓய், இது கல்யாண மண்டபமா, கள்ளுக்கடையா?” என்று கொத்தனாரே கேலி செய்தார்.

சென்ற மாதம் மண்டபத்தைப் புதுப்பிக்க அனுமதி கேட்டேன். புது விதிப்படி கூரை வழியாக வெப்பம் இறங்கக் கூடாதாம்; இறங்கினால் மேல்தளத்தை உடைத்து மாற்ற வேண்டுமாம். வரைபடம் போட வந்த பொறியாளர் பெண் உச்சிவெயிலில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியைப் பின்னாளில் கலயமில்லாமல் கட்டிய சாப்பாட்டுக்கூடத்துக்குள் நின்று கூரையை நோக்கி நீட்டினாள், எண் ஏறியது. மண்டபத்துக்குள் வந்து நீட்டியதும் இறங்கியது.

“தாத்தா, மேல என்ன போட்டிருக்கிய?”

“கலயமாக்கும் மக்களே. உள்ள வெறும் காத்துதான்.”

“அந்தக் காத்துதான் சூட்டைத் தடுக்கு. இத உடைக்காண்டாம்.”

தொடாமலே சூட்டை அறியும் அந்தக் கருவியை வாங்கி, சுவர், நாற்காலி, என் வழுக்கை என எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன். அதற்குள் அவள் வரைபடத்தில், ‘வெப்பத் தடுப்புக் கூரை, ஏற்கெனவே உள்ளது’ என்று எழுதிவிட்டாள்.

“ஏற்கெனவே எப்படி உண்டாச்சு? தானா முளைச்சுதா? போட்டது நான்தான்னு எழுதிட்டு ஒப்பு போடு மக்களே.”