தோற்பதற்கு ஏற்ற சாக்

பில்லியர்ட்ஸ் ஆடுகிற எவரும், கோல் நுனியில் தேய்க்கிற சாக்கை ஜெயிப்பதற்காகத்தான் தேர்ந்தெடுப்பார். தோற்பதற்காகச் சாக் தேடி அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தேடியதும் குற்றாலத்தில்; அதுவும் தீப்பெட்டிகூட நமத்துப்போய்ப் பற்றாத சாரல் காலத்தில்.

அப்போது ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்தன. நான் ஒரு சர்க்கார் இலாகாவில் சின்ன அதிகாரி. எந்த இலாகா என்று சொல்ல வேண்டாம். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. என் மனைவி தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வேலையில் மாற்றலே கிடையாது. என் வேலையில் மாற்றலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கல்யாணமான கையோடு என்னைத் தர்மபுரிப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்துபோனேன். யார் யார் காலையோ பிடித்துத் தென்காசிக்கு வந்து சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் முழுகாமல் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, அடுத்த மாற்றலில் என் தலையும் உருளப்போவதாகச் சென்னையிலிருந்து பேச்சு வந்தது.

மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடும் பெரியவர் வருஷாவருஷம் சீசனுக்குக் குற்றாலம் வருவார். காலையில் அருவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் எங்கள் கிளப்பில் பில்லியர்ட்ஸ். அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தச் சாயங்காலத்தில்தான் பிடிக்க வேண்டும்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஓட்டுக் கட்டடம், ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை, நாலைந்து பிரம்பு நாற்காலி. மேஜையின் பச்சைத் துணி சீசனில் ஈரம் ஏறிப் புடைத்துவிடும். சலவைக்காரர் கரி இஸ்திரிப்பெட்டியோடு வந்து, வேட்டி தேய்ப்பதுபோல மேஜையைத் தேய்த்துவிட்டுப் போவார். அதன் பிறகு ஒரு மணி நேரம் பந்து ஒழுங்காக ஓடும். செக்ரட்டரி ஓய்வுபெற்ற முன்சீப். அந்தக் காலத்தில் கோர்ட்டில் எப்படித் தீர்ப்புச் சொன்னாரோ அப்படியே காப்பிக்கும் தீர்ப்புச் சொல்லுவார்.

கிளப்புக்கு இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. விருந்தாளியாக வரும் பெரிய அதிகாரி தோற்கக்கூடாது என்பது ஒன்று. மற்றது நம் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். யாரும் தனக்கென்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இன்னொருத்தர் நமக்காகப் பேச்சை எடுக்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்று, இதெல்லாம் எதற்கு என்கிற முகத்தோடு தரையைப் பார்க்க வேண்டும். எனக்காகப் பேச்சை எடுக்க முன்சீப் ஒத்துக்கொண்டார்.

“வே, நீரு அவுககிட்ட தோத்துப்போடும். அவுக சிரிச்சுக்கிட்டே காப்பி குடிக்கும்போது நான் உம்ம விஷயத்தை எடுக்கேன். தென்காசியிலேயே வச்சிக்கிடுங்கன்னு ஒத்த வார்த்தை. முடிஞ்சி போச்சி” என்றார்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. பெரியவரோடு ஆட என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இருந்தது: கிளப்பிலேயே மோசமான ஆட்டக்காரன் நான்தான். சிக்கல் என்னவென்றால் பெரியவர் என்னையும்விட மோசம். நேராக நிற்கும் பந்தைக்கூட அவரால் நேராக அடிக்க முடியாது. வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முந்தின சீசனில் ஒருவர் அப்படித் தப்பும் தவறுமாக அடித்துக் காட்டியிருக்கிறார். பெரியவர் பாதி ஆட்டத்தில் கோலைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாராம். விட்டுக்கொடுத்தவர் இப்போது கொல்லிமலையில் இருக்கிறார்.

“தோக்கணும். ஆனா தோக்குத மாதிரி தெரியப்படாது” என்றார் முன்சீப்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. நான் மனதார ஆட வேண்டும். கோல் ஒத்துழைக்கக் கூடாது. கோலின் நுனியில் ஒரு சின்னத் தோல்வட்டு இருக்கும். அதில் சாக்கைத் தேய்த்துக்கொண்டு அடித்தால்தான் கோல் பந்தைப் பிடிக்கும். சாக் மட்டமாக இருந்தால் கோல் வழுக்கும், பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். ஆக, பெரியவருக்கு நல்ல சாக், எனக்கு மட்ட சாக். இதைக் கண்டுபிடித்த அன்று நான் ரொம்ப நேரம் என் மூளையை மெச்சிக்கொண்டிருந்தேன்.

நல்ல சாக்குக்கே அப்போது பஞ்சம். வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோயிருந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டிகள் நடுவில் குழி விழுந்து, அடியில் ஒட்டியிருந்த காகிதம் தெரிகிற நிலைமைக்கு வந்திருந்தன. கடையநல்லூரில் ஒரு ஜவுளி வியாபாரி. அவர் அண்ணனுக்குப் பினாங்கில் கடை. ஊருக்கு வந்திருந்த அண்ணன், யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு பெட்டி நீலச் சாக் கொண்டுவந்திருந்தார். அது எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தறி வீட்டில் நூலுக்கு அடையாளம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் போய்க் கேட்டதும் வியாபாரிக்கு ஒரே சந்தோஷம்.

“கொண்டு போங்க சார். மருந்தா, மிட்டாயான்னு ரெண்டு மாசமா வீட்ல சண்டை” என்றார்.

பெரியவருக்கு ஆயிற்று. இனி எனக்கு. மட்டமான சாக்கில் எது உத்தமமான மட்டம் என்று சோதிக்க ஆரம்பித்தேன். தையற்காரரின் சாக்கைத் தேய்த்துப் பார்த்தேன். சோப்பு மாதிரி இருந்தாலும் துரோகி, நன்றாகவே பிடித்தது. செங்கல்பொடி தோலைக் கீறியது. முகப்பவுடர் பூசிப் பார்த்ததில் கிளப் முழுவதும் கல்யாண வீட்டு வாசனை அடித்தது, அவ்வளவுதான். கடைசியில் என் மனைவிதான் பள்ளிக்கூடத்திலிருந்து நாலு சாக்பீஸ் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“இது போர்டுலயே பிடிக்காது. ‘அ’னா போட்டா வழுக்கிக்கிட்டு ‘ஆ’வன்னாவுக்குப் போவுது. உங்க கம்புல எங்க பிடிக்கப் போவுது?” என்றாள்.

உண்மைதான். சாரல் ஈரத்தில் அந்தச் சாக்பீஸ் தோலில் பட்டதும் மாவாகக் குழைந்தது. கோல், எண்ணெய் தேய்த்த உடம்பு மாதிரி வழுக்கியது. இதைவிட மட்டம் உலகத்தில் கிடையாது. ஆனால் வெள்ளையாக இருந்தால் பெரியவர் கண்டுகொள்வாரே? அதற்கும் அவளே வழி சொன்னாள். சலவை நீலத்தைக் கரைத்து, சாக்பீஸை அதில் ஊறவைத்து, கும்மட்டி அடுப்பின் ஓரத்தில் காயவைத்தோம். கண்ணுக்குப் பினாங்குச் சரக்குதான். அவள் அதைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே, “பிள்ளை பொறக்கும்போது நீங்க இங்கன இருக்கணும். எனக்கு அது போதும்” என்றாள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் விரலெல்லாம் நீலம்.

ஆட்டத்தன்று குற்றாலத்தில் வானம் பொத்தல் விழுந்த மாதிரி தூறிக்கொண்டிருந்தது. பெரியவர் காதில் அருவித் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். பினாங்குச் சாக்கை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினோம். என்னுடையது என் சட்டைப் பையில் இருந்தது.

பில்லியர்ட்ஸில் மூன்று பந்து. நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் புள்ளி. எந்தப் பந்து பைக்குள் விழுந்தாலும் புள்ளி. நினைத்து அடித்ததா, தானாகப் போனதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். சாக் தேடுவதில் இருந்த மும்முரத்தில் ஆட்டத்தின் சட்டத்தை மறந்துவிட்டேன்.

முதல் அடியில் சிவப்புப் பந்தைக் குறிவைத்தேன். கோல் வழுக்கியது. பந்து எங்கோ போய், மேஜை விளிம்பில் முட்டி, திரும்பி வந்து, இரண்டு பந்தையும் வரிசையாக விசாரித்துவிட்டு மூலைப் பைக்குள் இறங்கியது. மார்க்கர் என்றழைக்கப்படும் புள்ளிக் கணக்கர் கோயில் திருவிழா மைக் பிடித்தவர்போலக் குரல் கொடுத்தார். முன்சீப் இருமினார்.

அடுத்த அடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். நான் கிழக்கே அடித்தால் பந்து மேற்கே போய்ப் புள்ளி வாங்கி வந்தது. ஒழுங்கான சாக்கோடு ஒழுங்காக அடித்திருந்தால் என் திறமைக்கு ஒன்றும் விழுந்திருக்காது. பெரியவர் பினாங்குச் சாக்கை ஆசையாகத் தேய்த்து, அழகாகக் குனிந்து, நேராக அடித்து, நேராகத் தவறவிட்டார். முன்சீப்பின் இருமல் கூடிக்கொண்டே போனது. வெளியே சாரலும் கூடியது. என் கையெல்லாம் நீலம், முதுகெல்லாம் வேர்வை.

கடைசியில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் நான் ஜெயித்துவிடுவேன் என்கிற நிலைமை. கொல்லிமலையானாலும் ஆகட்டும் என்று துணிந்துவிட்டேன். வேண்டுமென்றே தப்பவிட, ஒரு பந்தும் இல்லாத காலி மூலையைப் பார்த்து அடித்தேன். கோல் வழுக்கியது. தப்பவிடுவதற்குக்கூட கோல் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்து காலி மூலைக்குப் போகாமல் பக்கவாட்டில் திரும்பி, சிவப்பைத் தட்டி, அதைப் பைக்குள் அனுப்பியது. அறையில் மார்க்கர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

பெரியவர் கோலைச் சாத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டுச் சிரித்தார்.

“இத்தனை வருஷமா எந்த ஊர் கிளப்புக்குப் போனாலும் எல்லாரும் எங்கிட்ட தோத்துடறாங்க. நான் என்ன சின்னக் குழந்தையா? நீங்க ஒருத்தர்தான்யா பயப்படாம ஆடினீங்க. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க” என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரே கேட்கிறார், எதிரே நிற்கிறார், இரண்டே வார்த்தை. ஆனால் வளர்ந்த விதம் அப்படி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு முன்சீப்புக்காகக் காத்திருந்தேன். முன்சீப்போ, நான் ஜெயித்ததில் நடுங்கிப்போயிருந்தார். விருந்தாளியைக் குளிர்விக்க வேண்டும் என்கிற ஒரே நினைப்பில் கைகட்டி நின்று சொன்னார்:

“அய்யா பார்த்து எங்க போட்டாலும் சந்தோசமாப் போவாரு. அவருக்குன்னு ஒரு ஆசையும் கெடையாது.”

பெரியவர் இன்னும் மகிழ்ந்துபோனார். “இந்த மாதிரி ஆளுதான் எனக்குப் பக்கத்துல இருக்கணும்” என்றார். நான் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் நன்றாக நீலம் சிந்தியிருந்தது.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் தென்காசிக்கு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள். புருஷன் தோற்று வர வேண்டும் என்று விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருந்த பெண் அன்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

“தோத்தாச்சா?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“ஜெயிச்சிட்டேன்.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தாள். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முன்சீப் சொன்ன பதிலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய? நீங்க சொல்ல வேண்டியதுதானே!” என்றாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று அவள் அழுததுபோல அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உத்தரவு அடுத்த மாதமே வந்தது: பதவி உயர்வோடு சென்னை, பெரியவருக்கு அடுத்த அறை. கிளப்பில் எனக்கு மாலை போட்டு, கேசரி கொடுத்தார்கள். கிளப் செய்த முயற்சியால்தான் இது கிடைத்தது என்று முன்சீப் பேசினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சென்னையில் நல்ல சாக்குக்குக் குறைவில்லை. பெரியவர் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தார். அதைத் தேய்த்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அவரோடு ஆடினேன். தினமும் ஆடியதில் அவருக்குக் கொஞ்சம் கை தேறியிருந்தது. கோல் வழுக்காததால் என் உண்மையான லட்சணம் வெளியே வந்தது, அவரிடம்கூடத் தோற்றேன். அவருக்கு மனம் விட்டுப்போயிற்று. நானும் மற்றவர்களைப்போல விட்டுக்கொடுக்கிறேன் என்று முடிவுகட்டி, ஆட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஆனால் ஊருக்குத் திருப்பி அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஐப்பசியில் மகள் பிறந்ததைத் தந்தியில் தெரிந்துகொண்டேன். லீவு கிடைத்துப் போனபோது குழந்தைக்குத் தலை நின்றிருந்தது. அதற்கடுத்து ஒன்றரை வருஷம் ஏதாவது ஒரு வேலை வந்து லீவைத் தின்றுகொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு சீசன் சமயத்தில் ரயிலில் வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். நல்ல சாரல் காற்று. மனைவி குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில், அவள் விரலைப் பிடித்தபடி, சின்னதாக ஒரு மஞ்சள் கவுன். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டது.

மனைவி குனிந்து அதன் தலையைத் தடவினாள்.

“ஏட்டி, பயப்படாத. உங்க அப்பாதான். ஜெயிச்சிட்டு வாராக” என்றாள்.