தாவூதுக்கு நான் வாக்களித்த ஊசி

என் நண்பன் தாவூதின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. ஒரு பொய் சொன்னேன்... இல்லை, அவன் நம்பிய பொய்யைத் திருத்தாமல் விட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் திண்டுக்கல்லை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நாற்றம்தான்! பேகம்பூர்ப் பக்கம் என் அத்தா, அதாவது அப்பா, தோல் பதனிட்ட தோல்ஷாப். சுண்ணாம்பில் ஊறும் ஆட்டுத்தோல், ஆவாரம்பட்டைச் சாறு... வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நானும் தாவூதும் அதன் நடுவே உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிப்போம். எத்தனை இன்பமான நாட்கள்! பிறகு அவன் தோல் ஏற்றும் லாரி ஓட்டப் போனான். எனக்குப் படிப்பு ஏறியது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன்.

எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சி. அந்தக் கிருமியின் மேல் ஒரு புரதம் முள்போல் நிற்கிறது. அதை உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டால் கிருமியைத் தடுக்கலாம். ஆனால் தனியே பிரித்தெடுத்தால் அது நிலைகொள்ளாது. மூன்று கூறுகளாகச் சேர்ந்து நிற்பது கலைந்து விழும். கலைந்ததைக் காட்டிப் பழக்கினால் உடம்பு கலைந்ததையே தேடும். முழுக் கிருமி எதிரில் வந்தாலும் கண்டுகொள்ளாது. ஆகவே ரசாயனம் போட்டு அதைக் கட்டி நிறுத்தப் பார்த்தோம்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது, தனக்கு அந்தக் கிருமி இருப்பதாகத் தாவூது சொன்னான். மனைவி நூர்ஜகானுக்கும் இருக்கிறதாம். அவன் அழவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டான். புரியட்டும் என்று, "பச்சத்தோல் மாதிரிடா அந்தப் புரதம். அப்படியே வச்சா கெட்டுப்போகுது. பதம் போட்டு நிறுத்தப் பாக்குறோம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது!

"அட, அம்புட்டுத்தானா மாப்ளே? பதம் போட்ட தோலு எங்க கெடப்போகுது? ஊசி வந்துரும்னு சொல்லு!"

தோல்ஷாப்பில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். பட்டைச் சாறு ஏறிய தோல் அழுகி அவன் பார்த்ததே இல்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்... அந்த ஊசி, கிருமி வராதவர்களைக் காக்கத்தான். வந்தவனுக்கு அது மருந்தில்லை என்று. சொன்னேனா? "வந்துரும்" என்றேன்!

அவன் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லையா? அல்லது அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்ததா? பிடித்திருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

சில ஆண்டுகளில் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். நூர்ஜகான் போய் வாங்கிச் சாப்பிட்டாள். அவன் போகவில்லை.

"வரிசையில நின்னா நம்ம ஊர்க்காரன் எவனாச்சும் பாப்பான். நீதான் ஊசியோட வாரியே மாப்ளே" என்று தொலைபேசியில் சிரித்தான்.

"மாத்திரையும் சாப்டுடா" என்று ஒப்புக்குச் சொன்னேன். ஊசி உனக்கானது இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்கள் கூடத்திலோ, கட்டி நிறுத்திய புரதம் விறைத்துப்போய் உருமாறி, ஊசிக்கு உதவாமல் நின்றது. அதையும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த பெருநாளுக்கு அவன் இல்லை.

வெகுநாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். நூர்ஜகான் தேறியிருந்தாள்; தையல் வேலை செய்கிறாள். வந்தவர்களிடமெல்லாம், "அவுகளுக்காக ஊசி கண்டுபிடிக்கப் பாடுபட்டவுக" என்று என்னைக் காட்டினாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே... அவுகளும் அப்பவே இந்த மாத்திரையச் சாப்ட்டிருந்தா, இன்னைக்கு இருந்திருப்பாகளா?"

எனக்கு விடை தெரியும். அவளே என் எதிரில் விடையாக உட்கார்ந்திருந்தாள்!

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன்.