கோபுரத்தைப் பார்க்காத காந்தம்

ஒரு மனிதரின் வேலையை ஓர் இரும்புக் கல்லை வைத்துப் பறித்தேன். இந்த வயதிலும் அதை மறைக்கப் போவதில்லை.

அறுபதுகளின் பிற்பாதி. காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் நான் பௌதிக ஆசிரியர். பக்கத்துக் கிராமமான மாகறலிலிருந்து இன்னொருவர் புதிதாக வந்தார். கூலிக் குடும்பத்தில் பிறந்து பட்டம் வாங்கியவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முகத்தைப் பார்க்கும் முன்பே அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

பாடத்தை நான்தான் பங்கு போட்டேன். பொருள்கள் ஏன் நகர்கின்றன, ஏன் நிற்கின்றன என்று சொல்லும் இயக்கவியல், சூட்டின் போக்கைப் பார்க்கும் வெப்பவியல், ஆடியும் லென்சுமாக இருக்கும் ஒளியியல் எனக்கு. அதிர்வைப் படிக்கும் ஒலியியல், காந்தவியல், மின்னியல் அவருக்கு. அந்தப் பிரிவுகளின் கருவிகள் உடைந்து கிடந்தன. புத்தகத்தின் கடைசியில் இருந்த அணுவையும் அவர் பக்கம் தள்ளினேன்.

"கண்ணுக்குத் தெரியறதெல்லாம் உங்களுக்கு, தெரியாததெல்லாம் எனக்கா சார்?"

"கெடச்சத வெச்சுக்கினு நடத்துப்பா." அவரை ஒருநாளும் நான் சார் என்றதில்லை.

நெசவாளர் வீட்டுப் பையன்களிடம் முறுக்காத பட்டு இழை வாங்கி, அதில் காந்தத்தைத் தொங்கவிட்டார். முறுக்கிய நூல் காந்தத்தைத் தானே திருப்பிவிடும், இது திருப்பாது. காந்தம் ஆடி அடங்கி, வடக்கு ஜன்னலில் தெரிந்த கோபுரத்துக்கு நேராக நின்றது. என் வகுப்புப் பையன்கள் அதைப் பார்க்க ஓடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவரை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க அதிகாரி வந்த காலையில், இயக்கவியல் பீரோவிலிருந்து பெரிய இரும்பு எடைக்கல்லை எடுத்து அவர் மேசை இழுப்பறைக்குள், கதவுப் பக்க ஓரத்தில் வைத்தேன்.

காந்தம் கதவைப் பார்த்து நின்றது. அவர் திருப்பி விட்டார். மறுபடியும் கதவு.

"என்னா வாத்தியாரே, கோபுரம் எழுந்து நடந்து போயிடுச்சா?" என்றார் அதிகாரி. பையன்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற நானும் சிரித்தேன். மாத முடிவில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

மறு வருஷம் தலைமை ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "போனவன் போனான். உன் வேலையையும் கெடுத்துக்காதே," என்று போனவருடைய பிரிவுகளையெல்லாம் என் தலையிலேயே கட்டினார்.

மாகறலுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, நான் செய்ததைச் சொல்லக் கேட்டார்.

"தெரியும். அன்னிக்கே இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கல்லைத் திரும்ப உங்க பீரோவுல வெச்சதும் நான்தான்."

"ஏன் சொல்லல சார்?"

"நம்ம ரெண்டு பேருல யார் சொன்னா நம்புவாங்க? இப்ப மட்டும் சார்னு கூப்புடறீங்க. போங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். ஓய்வு பெறும்வரை காந்தப் பாடத்தை நான்தான் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் முதலில் இழுப்பறையைத் திறந்து காட்டி, நான் செய்ததைப் பையன்களிடம் சொன்னேன். அவருக்கு அதனால் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.