உரித்துப் போட்ட சீட்டுகள்

பனியன் கம்பெனியில் பதினேழு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். நின்றவள் என்றால் நின்றவள்தான், உட்கார ஸ்டூல் கிடையாது. காலில் நரம்பு சுருண்டு பச்சைப் பாம்பாகப் படுத்துக்கொண்ட பிறகு டாக்டர் இனி நிற்காதே என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் சரி என்று தேடியபோதுதான் வேலம்பாளையத்தில் அந்த கம்ப்யூட்டர் ஆபீஸ் கிடைத்தது.

கீழே பேக்கிங் யூனிட், பகல் முழுக்க இந்திப் பாட்டு. மாடியில் ஏழு பெண்கள், ஏழு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். ஓனர் சோமனூர்க்காரர், தறிக் குடும்பம். நான் தெற்கத்திக்காரி, அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். "நானென்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன் அம்மிணி?" என்று முதல் நாள் முறைத்தார். அப்புறம் பழகிவிட்டது. எனக்கு டைப்பிங் ஆமை வேகம்தான். ஆனால் தப்பைக் கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது என்று சொல்லி, மற்ற பெண்கள் அடித்ததைச் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார்.

நான் சேர்ந்த வருஷம் ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு நூலகத்திலிருந்து பெட்டி பெட்டியாக அட்டைகள். தமிழில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: யார் எழுதியது, தலைப்பு என்ன, எந்த இதழ், எந்த வருஷம், எத்தனாம் பக்கம். எல்லாம் கையெழுத்து. அதை ஸ்கேன் செய்து, படத்தைப் பார்த்து, கட்டம் கட்டமாகப் பிரித்து ஏற்ற வேண்டும். எழுதினவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஏற்றி முடித்தால் எங்கேயோ இருக்கிற ஒருவர் ஒரு பெயரைத் தட்டினதும் அந்தப் பெயர்க்காரர் எழுதியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வேலை மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அந்த மரியாதையோடு கொஞ்சம் திமிரும் வந்தது.

அட்டைகளில் சிலவற்றின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பச்சை மை. அந்த நூலகத்தில் முன்பு இருந்த ஒரு நூலகர் எழுதி ஒட்டியது, அவர் காலமாகி வருஷமாயிற்று என்றார்கள். பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்கேனர் வாயில் அட்டையை விட்டால் சீட்டு மடங்கிச் சிக்கும், மிஷின் நின்றுவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நின்றால் எந்த வேலை ஓடும்?

நான் யோசிக்கவே இல்லை. பனியன் கம்பெனியில் துணியை வெட்டினதும் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றிலும் ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே சுருளில் வெட்டியது ஒன்றாகச் சேர்ந்தால்தான் நிறம் ஒத்துப்போகும், இல்லாவிட்டால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று பல்லிளிக்கும். தைத்து முடிந்ததும் ஸ்டிக்கருக்கு வேலை இல்லை. உரித்துவிட வேண்டும். ஒரே ஒரு ஸ்டிக்கர் பீசில் தங்கிப் போனாலும் சரக்கு வாங்குகிற பையர் மொத்த லாட்டையே திருப்பிவிடுவான். பதினேழு வருஷம் உரித்த கை. அட்டையில் ஒட்டிய சீட்டைப் பார்த்ததும் நகம் தானாகப் போய்விட்டது. "ஏத்துறதுக்கு முந்தி எல்லாச் சீட்டையும் உரிச்சுடுங்க" என்று பெண்களிடம் சொன்னேன்.

ஒரு பெண் மட்டும், "இதுல ஏதோ எழுதியிருக்குதுங்க்கா" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். 'இவரே இந்த முதலெழுத்திலும் எழுதியுள்ளார், அங்கும் காண்க' என்று இருந்தது. "தலைப்பு இருக்கா, வருஷம் இருக்கா? எந்தக் கட்டத்துல போடுவ?" என்று கேட்டேன். அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, ஆனால் நான் கேள்வி கேட்கிற இடத்தில் இருந்தேன். சீட்டுகளைச் சாக்கில் போட்டோம், கீழே வேஸ்ட் எடுக்க வருகிறவர் அதையும் தூக்கிப்போனார். மிஷின் அதன்பிறகு நிற்கவில்லை. அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

வேலை முடிந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் மாடியேறி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஊத்துக்குளியிலிருந்து வருவதாகவும், ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகப் பதினோரு வருஷம் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். அண்ணாச்சி வெளியே போயிருந்தார். என் எதிரில் உட்கார வைத்தேன்.

"ஏனுங்க்கா, அந்த ஆய்வுப் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனது நீங்கதானுங்களா?"

"ஆமா டீச்சர். நாங்கதான்."

அவர் ஃபைலைத் திறந்தார். நிரந்தர வேலைக்கு நேர்காணல் நடந்திருக்கிறது. ஏழு கட்டுரை எழுதியிருப்பதாக விண்ணப்பத்தில் போட்டிருக்கிறார். குழுவில் இருந்தவர்கள் எங்கள் பட்டியலில் தேடியிருக்கிறார்கள். ரெண்டுதான் அவர் பெயரில் வந்தது. மீதி அஞ்சும் வேறொருவர் எழுதியது என்று காட்டியது.

விஷயம் சின்னது. நம் ஊரில் பெண்ணுக்குப் பெயர் ஒன்றுதான், முன்னால் நிற்கிற எழுத்து மாறிப்போகும். கல்யாணத்துக்கு முந்தி அப்பா எழுத்து, பிந்தி புருஷன் எழுத்து. இவர் சர்டிபிகேட்டெல்லாம் அப்பா எழுத்தில், முதல் ரெண்டு கட்டுரையும் அப்படியே. கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சு கட்டுரையைப் புருஷன் எழுத்தில் போட்டிருக்கிறார். மாமியார் ஆசைப்பட்டாராம்.

"அடுத்தவங்க எழுதுனத உங்களுதுன்னு போட்டிருக்கறீங்களேம்மான்னு கேட்டாங்க. அத்தனை பேருக்கு முன்னால." சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை, முகம் மட்டும் சிவந்தது. "கல்யாணப் பத்திரத்தைக் காட்டுனனுங்க. அந்தப் பேரும் இனிஷியலும் உள்ளவங்க இந்த ஜில்லாவுல நூறு பேரு இருப்பாங்கங்கறாங்க. அந்த இதழ்களும் இப்ப வர்றதில்லீங்க, கேக்கறக்கு ஆளில்லை. ஆனா, பழைய அட்டையில ரெண்டு பேரும் ஒருத்தருதான்னு எழுதியிருந்துச்சுங்க. அந்த நூலகரு, நான் கல்யாணமாகி ஆராய்ச்சி படிக்கையில என்னைக் கூப்பிட்டு விசாரிச்சு எழுதுனாரு. திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்கோணும். அட்டையில அப்படி இருந்துச்சு, ஏத்தும்போது விட்டுப்போச்சுன்னு ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா போதுமுங்க்கா."

பச்சை மை கண்ணுக்குள் வந்து நின்றது. நான்தான் உரித்தேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். "பாக்கேன் டீச்சர். ஓனர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றுதான் வாயில் வந்தது. அவர் அதற்கே கைகூப்பினார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "அம்மிணி, கடுதாசி குடுத்தா நாமளே ரிஜெக்ட்டுனு சீல் குத்துன மாதிரி. சீட்டு எத்தனை அட்டையில இருந்துச்சு? அத்தனையும் கேப்பாங்க. மொத்த லாட்டும் திரும்பி வந்துரும்." பிறகு, "அந்த ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்திவுட்டுருங்க. கடுதாசி எதுக்கு? பீசை ஆல்டர் பண்ணிப் பெட்டியில போட்டாச்சு, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நியாயமாக என்ன, நிம்மதியாகப் பட்டது. தப்பு போய்விடும், தப்புச் செய்தவள் யாரென்று யாரும் கேட்கமாட்டார்கள். பட்டியலைத் திருத்துகிற பொறுப்பு அப்போதும் எங்களிடமே இருந்தது, ரெண்டு நம்பரை ஒன்றாக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு கட்டுரையும் ஒரே பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்தன. டீச்சருக்குப் போன் போட்டு, "சரி பண்ணிட்டேன் டீச்சர், இப்பத் தேடிப் பாருங்க" என்றேன். அவர் போனை வைக்காமலே தேடிப் பார்த்தார். அதன் பிறகுதான் அழுதார். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க்கா" என்று மூன்று தடவை சொன்னார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. அண்ணாச்சி பக்கத்தில் நின்றார், எடுத்தது நான். குழுவில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேசினார். அதட்டல் இல்லை, மரியாதையான குரல்.

"போன வாரம் நாங்க எடுத்த பிரிண்ட்ல இவங்க ரெண்டு பேரு. இன்னைக்கு ஒருத்தரா இருக்கறாங்க. வெள்ளிக்கிழமை உங்க ஆபீஸ்லிருந்து மாத்தியிருக்கறதா காட்டுது. எதை வெச்சும்மா மாத்துனீங்க?"

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் தேதி போட்டு வைத்துக்கொள்ளும் என்று தினமும் பார்க்கிற எனக்கே தோன்றவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. அண்ணாச்சி கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் டீச்சரும் அறையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, யாரோ ஒரு பெண் மெல்ல இருமினார்.

சீட்டு இருந்தது சார், நான்தான் உரித்துப் போட்டேன் சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் சொன்னது வேறு.

"அந்த டீச்சர் வந்து கேட்டாங்க சார். மாத்திக் குடுத்தோம்."

"சரிங்கம்மா. அது போதும்" என்று வைத்துவிட்டார்.

அண்ணாச்சி மூச்சு விட்டார். "நல்ல வேளை அம்மிணி. பொய்யும் சொல்லலை, மாட்டிக்கவும் இல்லை." உண்மைதான், நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் சொல்லியிருந்தால்கூட டீச்சருக்கு அவ்வளவு கெடுதல் வந்திருக்காது.

அன்றிலிருந்து டீச்சர் போனை எடுக்கவில்லை. நாலு நாள் பொறுத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்து, சீட்டில் என்ன இருந்தது, யார் உரித்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் கொண்டுவந்து, கீழே கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் ஊத்துக்குளிக்கு பஸ் ஏறினேன். அந்த தைரியம் நாலு நாள் லேட்டாக வந்தது.

காலேஜ் டீச்சர் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள், கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வாசலில் பால் கேன்கள் கவிழ்த்து வைத்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி கல்லாகி, பிறகு பழக்கத்தால் இளகியது.

"வாங்க்கா. உள்ளார வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க."

உட்காராமலே தாளை நீட்டினேன். நின்றபடி ரெண்டு தடவை படித்தார்.

"சீட்டு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு டீச்சர். நாந்தான் உரிச்சேன்."

"அன்னைக்கு மாடியில வந்து கேட்டனே, அப்பவே தெரியுங்களா?"

"தெரியும்."

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அந்தத் தாளை மடித்து என் கையிலேயே வைத்தார்.

"இது இனி ஆகாதுங்க்கா. நான் ஆளை வெச்சு மாத்துனேன்னு ஆயிப்போச்சு. இருக்கற வேலையும் போயிரும்னாங்க. அந்த அஞ்சும் என்னுது இல்லீங்க, தெரியாமப் போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா இதோட விட்டர்றோம்னாங்க. எழுதிக் குடுத்துட்டனுங்க்கா."

நான் காலிச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"இப்ப இந்தக் கடுதாசியக் குடுத்தா, நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிரும். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. பட்டியல்ல முன்ன இருந்த மாதிரியே பிரிச்சு வெச்சுருங்க. சேந்து இருந்தா மறுபடி யாராச்சும் கெளறுவாங்க."

மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைச் செய்தேன். ஏழிலிருந்து அஞ்சைப் பிரிக்க வேண்டும். எது அஞ்சு என்று தெரிய ஒவ்வொரு தலைப்பையும் அட்டைப் படத்தோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டியிருந்தது. அதுவரை நான் ஒன்றைக்கூட வாசித்ததில்லை, கமா சரியா, வருஷம் சரியா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மில் வேலைக்குப் போகும் பெண்கள் கதைகளில் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றித்தான் அஞ்சும். அவற்றைத் தனியாக எடுத்து, புது நம்பர் கொடுத்து, சேமித்தேன். இப்போது அந்தப் பெயரைத் தேடினால் ரெண்டு பேர் வருவார்கள். ரெண்டாவது ஆள் பூமியில் எங்கேயும் இல்லை.

போன மாதம் மதுரைப் பக்கம் படிக்கிற ஒரு மாணவி ஆபீசுக்கு மெயில் போட்டிருந்தாள். அந்த அஞ்சு கட்டுரையும் தன் ஆராய்ச்சிக்கு வழி காட்டியதாகவும், எழுதியவரை எப்படியாவது நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், விலாசம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாள். அண்ணாச்சி அதைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்து, "இது ஆருன்னு தெரியுங்களா அம்மிணி?" என்றார். அவர் நிஜமாகவே மறந்திருந்தார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். அந்தப் பிள்ளைக்கும், விவரம் எங்களிடம் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.